பாவசங்கீர்த்தனத்தை வழக்கமாக்கிக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஆலயச் சமூகத்தில்) பெரியவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் கை தூக்கிக் கேட்காத கேள்விகள் சில உண்டு. எல்லாரும் கிளம்பிய பிறகு, காரை நிறுத்தியிருக்கும் இடம்வரை கூடவே நடந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பெரும்பாலும் எல்லாம் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றித்தான். செய்த பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது, ஒப்புரவு அருட்சாதனம் என்று இப்போது சொல்கிறோமே, அது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். நான் குருவானவர் இல்லை. உங்கள் சொந்த நிலையைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை போனா போதும்னுதானே சின்ன வயசுல சொல்லிக் கொடுத்தாங்க?

சொல்லிக் கொடுத்தது சரிதான். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வைத்த ஒழுங்கு அது. இன்றைய திருச்சபைச் சட்டம் 989-ஆம் எண்ணிலும் அது இருக்கிறது: சாவான பாவங்களை, அதாவது கனமான காரியத்தில் தெரிந்தே மனம் ஒப்பிச் செய்த பாவங்களை, ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும். இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று போட்ட எல்லை இது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். புனித வாரம் நெருங்கும்போது வரிசையில் நிற்கிறார். பின்னால் நீண்ட கூட்டம். பன்னிரண்டு மாதத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், சில ஞாயிறு பூசைக்குப் போகவில்லை" என்று முடித்துவிடுகிறார். யாரிடம் பொய் சொன்னார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் எப்போதோ மறந்துபோயிருக்கும். நான் இத்தனை பேரிடம் பேசிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: நாள் தள்ளிப்போகப் போகத்தான் பயம் கூடுகிறது. அடிக்கடி போகிறவருக்குச் சொல்லவும் தெரிகிறது, பயமும் குறைகிறது.

அப்போ எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகணும்?

சாவான பாவம் செய்த நினைவு இருந்தால் நாள் பார்க்க வேண்டாம், முடிந்த சீக்கிரத்தில் போங்கள். மற்றபடி சட்டம் கணக்கு எதுவும் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ், தாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்வதாக 2013-இல் சொன்னார். 2014 மார்ச்சில், புனித பேதுரு பேராலயத்தில் எல்லாரும் பார்க்க ஒரு குருவின் முன் முழந்தாளிட்டார்.

வேலை, பிள்ளைகள், நெரிசல் என்று ஓடும் நம் வாழ்க்கைக்கு மாதம் ஒருமுறை பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. நம் பாட்டிமார் தலைவெள்ளிக்கு (மாதத்தின் முதல் வெள்ளி) முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்து, வெள்ளியன்று நன்மை (நற்கருணை) வாங்குவார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மனம் உறுத்தும்போது போகலாம் என்று விட்டுவைத்தால் நடக்காது. சர்க்கரை நோய்க்கு அரசு கிளினிக்கில் தேதி போட்டுக் கொடுத்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்று போய் நிற்கிறோம் இல்லையா? இதற்கும் தேதி வேண்டும். அடுத்த மாதத் தேதியை இந்த மாதமே குறித்துவையுங்கள்.

கடைசியா எப்ப போனேன்னே ஞாபகம் இல்ல. மந்திரமெல்லாம் மறந்துபோச்சு. எப்படி ஆரம்பிக்கிறது?

"ரொம்ப வருஷமாச்சு ஃபாதர், எப்படிச் சொல்றதுன்னு மறந்துட்டேன், நீங்கதான் உதவி பண்ணணும்." இதைச் சொன்னால் போதும். மீதியை அவர் கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போவார். நீண்ட காலம் கழித்து வருகிறவரைக் கண்டால் குருக்கள் சந்தோஷப்படுவார்கள் என்பதைப் பல குருக்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

நடக்கும் முறை இதுதான். கம்பித் தடுப்புக்கு இந்தப்பக்கம் முழந்தாளிட்டோ, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தோ சிலுவை அடையாளம் வரைகிறீர்கள். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று உத்தேசமாகச் சொல்கிறீர்கள். பிறகு பாவங்கள். சாவான பாவமானால் என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். கதை வேண்டாம், அடுத்தவர் பெயரும் வேண்டாம். "என் மாமியார் எப்படின்னா ஃபாதர்" என்று ஆரம்பித்தால் அது மாமியாரின் பாவசங்கீர்த்தனமாகப் போய்விடும். நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள். குருவானவர் சில வார்த்தை பேசி, அபராதமாக ஒரு செபத்தையோ நற்செயலையோ சொல்வார். நீங்கள் மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக வருந்திச் சொல்லும் செபம்) சொல்ல, அவர் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வழங்குவார். "ஆமென்" என்று சொல்லி எழுந்து வரலாம்.

"என் சர்வேசுரா சுவாமி" என்று தொடங்கும் பழைய மந்திரம் நினைவில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் "ஆண்டவராகிய இயேசுவே, இறைவனின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்று சொன்னாலும் செல்லும். அபராதத்தை ஆலயத்தைவிட்டு வெளியேறும் முன்பே தீர்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று வைத்தால், பலருக்கு என்ன அபராதம் என்பதே மறந்துவிடுகிறது.

ஃபாதர் சனிக்கிழமை பூசைக்கு முன்னால கொஞ்ச நேரம்தான் உட்கார்றாரு. எனக்கு பாயான் லெப்பாஸ்ல ஷிஃப்ட் வேலை. எப்படிப் போறது?

பங்கு அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, வேறு நாளில் நேரம் கேளுங்கள். வார நாள் பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் கேட்டால் மறுக்கிற குருவானவரை நான் பார்த்ததில்லை. பூசை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிவந்து கேட்பதுதான் சிரமம். அவர் திருவுடை அணிந்துகொண்டிருப்பார்.

சொந்தப் பங்கில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் போக உங்களுக்கு உரிமை உண்டு என்று சட்டம் 991 சொல்கிறது. தவக்காலத்திலும் (ஈஸ்டருக்கு முன்) திருவருகைக்காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முன்) பங்குகள் முறைவைத்து ஒப்புரவு வழிபாடு நடத்தும்போது பல குருக்கள் ஒன்றாக வந்து உட்காருவார்கள். உங்கள் பங்கின் நாள் தவறினால் அடுத்த பங்கின் நாளுக்குப் போகலாம். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடாமல், அங்கே பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டு வரலாம்.

என்ன பாவம் செஞ்சேன்னு எப்படி ஞாபகம் வச்சுக்கிறது? போய் முழங்கால் போட்டா ஒன்னும் வர மாட்டேங்குது.

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிட ஆத்தும சோதனை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. காலையில் பசியாறியதிலிருந்து படுக்கை வரை அன்றைய நாளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முதலில் நன்றி சொல்ல வேண்டியவற்றுக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, எங்கே சறுக்கியது என்று பாருங்கள். யாரிடம் எரிந்து விழுந்தேன்? யாரைப் பற்றி வாட்ஸாப்பில் வந்ததைச் சரிபார்க்காமல் அடுத்த குரூப்புக்கு அனுப்பினேன்? செய்யாத ஓவர்டைமை எழுதினேனா? அப்பா விட்டுப்போன வீட்டுப் பங்கால் அண்ணனோடு பேச்சு நின்றிருக்கிறதே, இன்றும் அவர் அழைப்பை எடுக்காமல் விட்டேனா? வீட்டுச் செலவுக்கு வைத்த காசில் லாட்டரி நம்பர் எடுத்தேனா? மியன்மாரிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்து வேலை செய்கிறவரை எப்படிக் கூப்பிட்டேன்?

பத்துக் கட்டளைகளை அச்சடித்த பட்டியலாகப் படிப்பது முதல்முறை வருகிறவருக்கு உதவும். மாதாமாதம் போகிறவருக்கு இந்த இரவுப் பழக்கம்தான் கைகொடுக்கும். ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவதில் தவறில்லை, வெளியே வந்ததும் கிழித்துவிடுங்கள். கைப்பேசியில் எழுத வேண்டாம், பிள்ளைகள் கையில் போகிற பொருள் அது.

கொலை, களவு ஒன்னும் பண்ணலயே. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எதுக்கு ஃபாதர் நேரத்த வீணாக்கணும்?

அற்பப் பாவங்களை அறிக்கையிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனம் வருந்திச் செபிப்பது, நற்கருணை, பிறர்க்கு உதவுவது இவற்றாலும் அவை மன்னிக்கப்படுகின்றன. ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1458-ஆம் எண்ணில் அவற்றையும் அறிக்கையிடுமாறு வலுவாகப் பரிந்துரைக்கிறது. அது மனச்சான்றைப் பயிற்றுவிக்கிறது, கெட்ட நாட்டங்களோடு போராட உதவுகிறது என்பதுதான் காரணம்.

எல்லாச் சின்னத் தவறுகளையும் அடுக்க வேண்டாம். இந்த மாதம் உங்களை அதிகம் இழுத்த ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். "பொறுமை இல்லை" என்பதைவிட, "அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, மறதி நோய் என்று தெரிந்தும் அதட்டுகிறேன்" என்பது பயன்படும். அப்படிச் சொன்னால் குருவானவரும் அதற்கேற்ற ஆலோசனை சொல்ல முடியும்.

ஒவ்வொரு தடவையும் அதே பாவத்தையே சொல்றேன். எனக்கே வெட்கமா இருக்கு. திருந்தாம போனா அது ஏமாத்துறது இல்லையா?

மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பலர் பாவசங்கீர்த்தனத்தை விட்டதற்கும் இதுதான் காரணம்.

இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை உண்மையானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மீண்டும் விழ மாட்டேன் என்ற நிச்சயம் தேவை இல்லை. "திரும்ப விழுந்துவிடுவேனோ" என்று பயப்படுவது வேறு, "எப்படியும் நாளைக்குச் செய்யப்போகிறேன், இன்றைக்கு ஒப்புக்குச் சொல்லிவைப்போம்" என்பது வேறு. முதலாவதோடு வருகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டாவதில் மனஸ்தாபமே இல்லை, அங்கேதான் சிக்கல். உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்பதே நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று காட்டுகிறது.

அடுத்து, விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆண்கள் பலர் கேட்பது கைப்பேசியில் ஆபாசம் பார்ப்பதைப் பற்றி. பேச்சுக் கொடுத்தால் கடைசியில் ஒரே நேரம் தெரியவரும்: இரவு ஷிஃப்ட் முடிந்து, வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, தூக்கம் வராமல் கைப்பேசியோடு படுத்திருக்கும் ஒரு மணி நேரம். பாவத்தோடு அந்த ஒரு மணி நேரத்தையும் குருவானவரிடம் சொல்லுங்கள். கைப்பேசியை ஹாலில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுப்பது என்று பிரதிக்கினையைச் சின்னதாக, செய்யக்கூடியதாக வையுங்கள். கோபமோ குடியோ ஆனாலும் இதே வழிதான். ஒவ்வொரு மாதமும் ஒரே குருவிடம் போனால், போன மாதம் என்ன முயன்றோம் என்பதிலிருந்து தொடர முடியும்.

இன்னொன்று. விழுந்த பிறகு, "கொஞ்ச நாள் சுத்தமா இருந்துட்டு அப்புறம் போறேன்" என்று காத்திருக்காதீர்கள். அந்த நாள் ஆறு மாதமாகிவிடும். முதல் கேள்வியில் சொன்ன பயம் வளர்வது இப்படித்தான்.

எங்க பங்குத்தந்தைக்கு என் குரல் நல்லாத் தெரியும். நான் பாடகற்குழுவுல இருக்கேன். அவர் என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? யார்கிட்டயாவது சொல்லிட்டா?

சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தன ரகசியம் மீற முடியாதது (சட்டம் 983). சொல்லாலோ, முகக்குறிப்பாலோ, வேறு எந்த வகையிலோ காட்டிக்கொடுக்கக் கூடாது. நேரடியாக மீறுகிற குரு, அந்தக் கணமே தானாகத் திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். அதை நீக்கும் அதிகாரம் திருப்பீடத்துக்கு (வத்திக்கானுக்கு) மட்டுமே உண்டு. உங்களிடமேகூட, நீங்களாக எடுக்காமல், வெளியே அந்தப் பேச்சை அவர் எடுக்க மாட்டார்.

அப்படியும் கூச்சம் போகவில்லையா? மேலே சொன்ன 991 இருக்கிறது, வேறு பங்குக்குப் போங்கள். தடுப்புக்குப் பின்னால் இருந்து செய்ய விரும்புவதும் உங்கள் உரிமை. ஒப்புரவு வழிபாட்டில் நாற்காலிகள் திறந்த இடத்தில் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் காதில் விழாதபடி பாடகற்குழு தொடர்ந்து பாடினால் நல்லது. பாடகற்குழுவில் இருக்கிறவர் நீங்கள், இதை நீங்களே கவனித்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) முன் முதல்முறை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும் பிள்ளையிடம் "என்னடா சொன்ன, ஃபாதர் என்ன கேட்டாரு?" என்று சிரித்துக்கொண்டுகூடக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியிலேயே, அங்கே சொன்னது வெளியே வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

எங்க பங்குல தமிழ் பேசுற ஃபாதர் இல்ல. எனக்கு இங்கிலீஷ்ல மனசத் திறந்து பேச வராது.

வருடத்தில் சில தடவையாவது தமிழ்க் குருவிடம் போகப் பாருங்கள். மற்ற மாதங்களில் மலாய் மொழியிலோ தெரிந்த ஆங்கிலத்திலோ சுருக்கமாகச் சொல்லலாம். இலக்கணம் சரியாக இருக்க வேண்டியதில்லை, என்ன பாவம் என்று அவருக்குப் புரிந்தால் போதும். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அவருக்கும் ரகசியக் கடமை உண்டு.

என் தங்கச்சி பெந்தெகொஸ்தே சபைக்குப் போறா. "நேரா கர்த்தர்கிட்ட சொல்றத விட்டுட்டு எதுக்கு மனுஷன்கிட்ட போறே?"ன்னு கேக்குறா. என்ன பதில் சொல்றது?

முதலில், நேராகவும் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் ஆத்தும சோதனையில் செய்வது அதுதானே. அதற்கு மேல், உயிர்த்த இயேசு சீடர்மேல் ஊதி, "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்" என்று சொன்னது யோவான் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எவற்றை மன்னிப்பது என்று தெரிய வேண்டுமானால் யாராவது சொல்ல, யாராவது கேட்கத்தானே வேண்டும்? ஒருவர் மற்றவரிடம் பாவங்களை அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16-உம் சொல்கிறது. மார்ட்டின் லூத்தரே தம் சிறிய ஞானோபதேசத்தில் பாவ அறிக்கைக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்.

வசனச் சண்டை போட வேண்டாம். தங்கை உருக்கமாக மனந்திரும்பிச் செபிக்கிறவராக இருந்தால் அதை மதியுங்கள். எனக்குப் படுவது இது: தனியாகச் சொல்லும்போது என் பாவத்தை நானே சுருக்கிக்கொள்கிறேன், சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இன்னொருவர் காதுபடச் சொல்லும்போது அது முடிவதில்லை. மன்னிப்பும் அப்படித்தான், வெளியிலிருந்து ஒரு குரல் சொல்லிக் காதில் விழுகிறது.

ஒன்னு சொல்ல மறந்துட்டேன். இன்னொன்னு, உண்மையச் சொன்னா, வேணும்னேதான் சொல்லல.

மறந்தது மன்னிக்கப்பட்டுவிட்டது. சாவான பாவமாக இருந்தால் அடுத்த முறை போகும்போது சொல்லிவிடுங்கள், அதுவரை நன்மை வாங்கலாம். வேண்டுமென்றே சாவான பாவத்தை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. மறைத்ததையும், அப்போது சொன்ன மற்ற சாவான பாவங்களையும், அதன்பின் நன்மை வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "முன்னால ஒன்ன மறைச்சிட்டேன் ஃபாதர்" என்று அதிலிருந்தே ஆரம்பியுங்கள். கனமானதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும்.

கம்பெனிக் காசை எடுத்தேன். பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். இன்னும் திருப்பிக் கொடுக்கணுமா?

ஆம். பாவம் மன்னிக்கப்பட்டாலும் அது செய்த சேதம் அப்படியே இருக்கிறது. திருடியதைத் திரும்பக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சீர்செய்வதும் முடிந்தவரை உங்கள் கடமை. நீங்களே போய்ப் பிடிபட வேண்டும் என்பதில்லை. பெயர் போடாமல் திருப்பி அனுப்பலாம், மொத்தமாக முடியாவிட்டால் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். எந்த வழி என்று குருவானவரிடமே கேளுங்கள்.

ஃபோன்லயோ வீடியோ கால்லயோ பண்ணலாமா?

முடியாது. இருவரும் நேரில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயங்கள் மூடியபோது இந்தக் கேள்வி நிறைய வந்தது. அந்த மாதமே திருப்பீடத்தின் பாவமன்னிப்பு நீதிமன்றம் நினைவூட்டியது இதுதான்: கடவுள்மீதுள்ள அன்பால் உத்தம மனஸ்தாபப்பட்டு, வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதிகொண்டால் சாவான பாவமும் மன்னிக்கப்படும். மருத்துவமனையில் இருப்பவருக்கும் இது பொருந்தும். ஆலோசனை கேட்பதற்கு ஃபோன் தாராளமாகச் செய்யலாம்.

மாசாமாசம் போறேன், ஆனாலும் மனசு அடங்கல. சரியாச் சொன்னேனான்னு மறுபடி மறுபடி தோணுது.

இப்படிப்பட்டவர் இன்னும் அடிக்கடி போகக் கூடாது. மற்றவர்களுக்குச் சொன்ன எல்லாவற்றுக்கும் இவர் விதிவிலக்கு. ஒரே ஒரு குருவானவரைத் தேர்ந்தெடுத்து, இந்தச் சந்தேக நோயைச் சொல்லி, அவர் சொல்கிறபடி மட்டும் நடக்க வேண்டும். அவர் "பழையதைத் திரும்பச் சொல்லாதே" என்றால் சொல்லக் கூடாது. கை கழுவுவதை நிறுத்த முடியாமை, பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்றவையும் சேர்ந்திருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

என் புருஷன் இந்து. ரெஜிஸ்டர் கல்யாணமும் கோயில் கல்யாணமும்தான் நடந்துச்சு. சர்ச்சுல நடக்கல. நான் பாவசங்கீர்த்தனம் செய்யவே முடியாதா?

நம் குடும்பங்களில் இது நிறைய. பல பெண்கள் இதனாலேயே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை நேரத்தில் தலைகுனிந்திருக்கிறார்கள். இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கர் திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் நடந்த திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லாது. அந்த நிலை அப்படியே தொடரும்வரை பாவமன்னிப்புப் பெறுவதில் தடை இருக்கும். இது ஒன்று. ஆனால் இருவருக்கும் முன் திருமணம் எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் இது சீர்செய்யக்கூடியது. இது மற்றொன்று.

விதிவிலக்கு வாங்கி, குருவானவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எளிமையாகச் சம்மதத்தைப் புதுப்பிக்கலாம். கணவர் மதம் மாற வேண்டியதில்லை. அவர் ஆலயத்துக்கு வரவே சம்மதிக்காவிட்டாலும், சில சூழலில் ஆயர் வேறு வழியில் சீர்படுத்த முடியும். முன் திருமணம் இருந்தால் மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றம் பார்க்க வேண்டியிருக்கும், நாளாகும். எதுவானாலும் முதல் படி ஒன்றே: பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் பேசாமல், பங்குத்தந்தையிடம் தனியாக நேரம் வாங்குங்கள். போகும்போது உங்கள் திருமுழுக்குச் சான்றிதழையும் திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். திருமுழுக்கு எங்கோ ஒரு எஸ்டேட் ஆலயத்தில் நடந்து சான்றிதழ் தொலைந்திருந்தால், அந்த ஆலயம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பங்கு அலுவலகம் பழைய பதிவேட்டில் தேடிப் பார்க்கும்.